நாத்திகரின் நோயும் நம்பிக்கையாளரின் நாவும்

ஒருவர் நோயுற்றார் எனக் கேட்ட மாத்திரத்தில் நம் நாவில் முதலில் எழும் சொல் எது? அச்சொல்லைக் கொண்டே நம் உள்ளத்தின் தரத்தை அளந்துவிடலாம். நோயாளியைக் கண்டு நலம் விசாரிப்பதை ஒரு முஸ்லிமுக்கு மற்றொரு முஸ்லிம் ஆற்றவேண்டிய கடமைகளுள் ஒன்றாக நபிமொழி வகுத்துரைக்கின்றது. நோயுற்றவர் உறவினராகவோ நண்பராகவோ இருப்பின் இக்கடமை எளிது. கருத்து மாறுபட்டவராயினும் பக்கத்து வீட்டாராயின், ஒரு குவளைக் கஞ்சியோடு சென்று பார்த்துவிட்டு வருகிறோம். ஆனால், இறைவனே இல்லை என்று வாழ்நாளெல்லாம் மேடைதோறும் முழங்கியவர், நாம் உயிரினும் மேலாகப் போற்றுவனவற்றை எள்ளி நகையாடியவர், மீளா நோயில் வீழ்ந்தால் நம் நா என்ன சொல்லும்?

2010 ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ஹிட்சன்ஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் புற்றுநோய்க்கு ஆளானபோது மேலைநாட்டுச் சமயவாதிகள் இவ்வினாவை எதிர்கொண்டனர். அவர்தம் விடைகளுள் சில நெஞ்சை நெகிழச் செய்வன, சில நாணத்தக்கன. தமிழ்த்துறை மலரில் ஓர் ஆங்கில நாத்திகருக்கு என்ன வேலை என்று கேட்போர் இருக்கலாம். அடக்கமுடைமைக்கும் இனியவை கூறலுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்த நூலை ஆண்டுதோறும் வகுப்பில் நடத்துகின்ற நமக்கு, நா செய்யும் நன்மை தீமைகளைப் பற்றிப் பேச உரிமை உண்டு என்பதே நம் விடை.

ஹிட்சன்ஸ் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் நகரில் 1949 ஏப்ரல் 13 ஆம் நாள் பிறந்தவர். ஆக்ஸ்போர்டில் பயின்று இதழாளராகி, 1981 இல் அமெரிக்காவில் குடியேறி, 2007 இல் அந்நாட்டுக் குடிமகனானார். 1995 இல் அன்னை தெரேசாவைக் கடுமையாகச் சாடி ஒரு நூல் வெளியிட்டார். 2003 இல் ஈராக்கின்மீது அமெரிக்கா படையெடுத்தபோது அப்போரை ஆதரித்து ஓயாமல் எழுதினார். 2007 இல் அவர் வெளியிட்ட நாத்திக நூலின் தலைப்போ, நாள்தோறும் ஐவேளை பாங்கொலியில் நாம் கேட்கின்ற தக்பீரை அப்படியே எதிர்மறையாகத் திருப்பிப் போட்டது. 'இறைவன் மிகப் பெரியவன்' என்று நாம் கூற, 'பெரியவன் அல்லன்' என்று அட்டையிலேயே அச்சிட்டார். எனவே அவர்மீது நமக்கு வழக்கு இல்லை என்று நாம் நடிக்க வேண்டியதில்லை. பாக்தாதில் குண்டு விழுந்த வீடுகளை எண்ணுங்கால், அவர்தம் நாத்திகத்தைக் காட்டிலும் அவர்தம் போர் ஆதரவே நமக்கு மிகுந்த வேதனை தருகின்றது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை.

2010 ஜூன் திங்களில், தம் வாழ்க்கை வரலாற்று நூலை அறிமுகம் செய்யும் பயணத்தின் இடையே, நியூயார்க்கில் ஒரு விடுதி அறையில் மூச்சுவிடவும் இயலாமல் வீழ்ந்தார். உணவுக்குழாயில் புற்று, அது வேறிடங்களுக்கும் பரவிவிட்டிருந்தது. நான்காம் நிலை என்றனர் மருத்துவர். அவருடைய தந்தையாரும் அதே நோயால் மாண்டவர். புகையும் மதுவும் தம்மை விட்டு நீங்காத தோழர்கள் என்பதை ஹிட்சன்ஸ் ஒருபோதும் மறைத்தவரல்லர். உணவுக்குழாய்ப் புற்றுக்கு அவ்விரண்டும் வழிகோலும் என்பது மருத்துவ உலகம் நன்கறிந்த செய்தி. காரணம் கண்முன் கிடந்தது. எனினும் காரணத்திற்கு வேறெங்கோ தேடப் புறப்பட்டனர் சிலர்.

இறைவனைப் பழித்த குரல் எழுந்த அதே தொண்டையில் இறைவன் நோயை வைத்தான் என்று எழுதி மகிழ்ந்தார் ஒருவர். அம்மடலை ஹிட்சன்ஸே தம் கட்டுரையில் எடுத்துக்காட்டி, இறைவனைப் பழிக்கத் தாம் பயன்படுத்திய உறுப்பு தொண்டை ஒன்று மட்டுமன்று என்று தமக்கே உரிய குறும்போடு விடை தந்தார். குறும்பை விடுத்துப் பார்த்தாலும் அவர் அடுத்து எழுப்பிய வினா வலியது: பச்சிளங் குழந்தைகளுக்கும் இரத்தப் புற்று வருகின்றதே, அவை எந்த மேடையில் ஏறி எவரைப் பழித்தன?

இவ்வினாவை ஒரு நாத்திகர் எழுப்பினார் என்பதற்காக நாம் முகஞ்சுளிக்க வேண்டா. அவருக்கு முன்னரே நம் மார்க்கம் இதற்கு விடை தந்துவிட்டது. நோயால் நெடுங்காலம் வாடிய அய்யூப் (அலை) அவர்கள் இறைத்தூதர். அவர்தம் பொறுமையைத் திருமறை புகழ்கின்றது. ஹிஜ்ரி 18 ஆம் ஆண்டில் சிரியாவில் பரவிய அம்வாஸ் கொள்ளைநோய் யாரைக் கொண்டு சென்றது? சுவனத்திற்கு நற்செய்தி கூறப்பெற்ற பதின்மருள் ஒருவரான அபூ உபைதா (ரலி) அவர்களையும், ஹலால் ஹராம் அறிவில் சிறந்தவரெனப் போற்றப்பெற்ற முஆத் இப்னு ஜபல் (ரலி) அவர்களையும் கொண்டு சென்றது. நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே இறுதி நோயில் கடுங்காய்ச்சலால் துன்புற்றார்கள். மற்றவர்க்கு வருவதினும் இரு மடங்கு வெம்மை தமக்கு வருவதாகக் கூறியதை இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கின்றார்கள். நோய் தண்டனையின் முத்திரை என்றால் இவையெல்லாம் என்ன?

கொள்ளைநோய் சிலர்க்கு வேதனையாகவும், நம்பிக்கையாளர்க்கு அருளாகவும் அமையும் என்ற நபிமொழி உண்டே என்று கற்றோர் சிலர் இடைமறிக்கலாம். உண்டு, மறுக்கவில்லை. ஆனால் எந்த உடலில் அது வேதனை, எந்த உடலில் அருள் என்று பிரித்தறியும் பொறுப்பு நம்மிடம் ஒப்படைக்கப்படவில்லை. மருத்துவர் எடுத்த படத்தில் புற்றின் அளவு தெரியும். இறைவனின் நோக்கம் தெரியாது. தெரிந்தவர்போல் பேசுவது மறைவான ஞானத்திற்கு உரிமை கொண்டாடுவதாகும். அந்த உரிமையை எவருக்கும் தராத மார்க்கம் நம்முடையது. நம் ஊர்களிலும் பகைவர் வீட்டில் பக்கவாதம் வந்தால் 'இறைவன் கொடுத்த கூலி' என்பவர், தம் வீட்டில் வந்தால் 'இறைவன் வைத்த சோதனை' என்கிறார். நோய் ஒன்றே, பெயர் மட்டும் வீட்டுக்கு வீடு மாறுகின்றது.

ஏசியவர்கள் இருந்ததுபோலவே ஏந்திய கைகளும் இருந்தன. 2010 செப்டம்பர் 20 ஆம் நாளை ஹிட்சன்ஸுக்காக அனைவரும் பிரார்த்திக்கும் நாள் என்று சிலர் அறிவித்தனர். கத்தோலிக்கரும் சீர்திருத்தக் கிறித்தவரும் யூத குருமாரும் அவருக்காகத் தாம் இறைஞ்சுவதாக எழுதினர். புண்பட்டீரா என்று கேட்டோர்க்கு, தம் நலத்தை வேண்டித்தான் செய்கிறார்கள் எனக் கொண்டு அதை அன்பாகவே ஏற்பதாக அவர் கூறினார். ஆயினும் அந்நாளில் தம் பொருட்டு விண்ணைத் தொந்தரவு செய்ய வேண்டா என்று கேட்டுக்கொள்ளவும் தவறவில்லை.

பிரார்த்தனையால் நோய் தீருமா என்பதை அளவிட்டுப் பார்த்த ஆய்வொன்றையும் அப்போது பலர் இழுத்து வந்தனர். 2006 இல் அமெரிக்காவில் வெளிவந்த அவ்வாய்வில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 நோயாளிகள் இடம்பெற்றனர். தமக்காகப் பிறர் பிரார்த்திக்கின்றனர் என்பதை உறுதியாக அறிந்திருந்தவர்களுள் 59 விழுக்காட்டினர்க்குச் சிக்கல் நேர்ந்தது; பிரார்த்தனை நடந்தும் அதனை உறுதியாக அறியாதிருந்தோரில் 52 விழுக்காட்டினர்க்கு நேர்ந்தது. நாத்திகர் இதைக் கண்டு நகைத்தனர். ஆத்திகர் சிலர் வெட்கினர். நாம் நகைக்கவும் இல்லை, வெட்கவும் இல்லை. துஆ என்பது அடியான் ஆண்டவனிடம் ஏந்தும் கை. அதைத் தராசுத் தட்டில் வைத்து, இறைவனையும் ஆய்வுக்கூடத்து எலிபோல் நிறுத்திப் பார்க்கும் முயற்சியில் பணிவு எங்கே இருக்கின்றது? அவ்வாய்வுக்குப் பணம் தந்தது சமயச் சார்புள்ள ஓர் அறக்கட்டளை என்பதுதான் இதில் வியப்பு.

இறை மறுப்பாளருக்காக முஸ்லிம் ஒருவர் இறைஞ்சலாமா என்ற வினாவும் உண்டு. உயிரோடிருக்கும் வரை அவர் நேர்வழி பெறவும் நலம் பெறவும் இறைஞ்சத் தடையில்லை என்பது அறிஞர் பலரின் கருத்து. இறந்தபின் பாவமன்னிப்பு வேண்டுதலே விலக்கப்பட்டது. அத்தவ்பா அத்தியாயத்தின் 113 ஆம் வசனம் அதனைக் கூறும். ஆக, நாம் இறைஞ்சுவதற்கு இடமிருந்தது ஒருவர் படுக்கையில் கிடந்த அந்தப் பதினெட்டுத் திங்களில்தான். அந்தக் காலத்தை ஏச்சில் கழித்தவர்கள் எதை ஈட்டினார்கள்?

இனி, மூன்றாவதும் நுட்பமானதுமான ஒரு வகைக்கு வருவோம். இவர்கள் ஏசவில்லை. நோய் தீர வேண்டும் என்பதையும் விரும்பினர். ஆனால் அதனினும் மேலாக, கடைசி மூச்சுக்கு முன் அவர் ஒரு சொல் சொல்லிவிட வேண்டும் என்று காத்திருந்தனர். 'நான் தவறினேன்' என்ற அந்த ஒரு சொல்! அது கிடைத்தால் அவர்தம் நூல்களனைத்திற்கும் விடை கிடைத்ததுபோல் ஆகிவிடும் என்று எண்ணினர்.

இவ்வெண்ணத்தை நாம் எளிதாகத் தள்ளிவிட முடியாது. மறுமை உண்டென்று மெய்யாகவே நம்புகிறவன், இன்னொருவர் நெருப்பை நோக்கி நடப்பதாகக் கருதினால் வாய்மூடி இருப்பானா? இருந்தால் அது அன்பாகுமா? நம் மரபிலேயே சான்று உண்டு. நபிகளாருக்குப் பணிவிடை செய்து வந்த யூதச் சிறுவன் ஒருவன் நோயுற்றான். அவர்கள் சென்று அவன் தலைமாட்டில் அமர்ந்தார்கள். இஸ்லாத்தை ஏற்கும்படி அழைத்தார்கள். சிறுவன் அருகில் நின்ற தந்தையைப் பார்த்தான். தந்தை, அவர் சொற்படி கேள் என்றார். சிறுவன் ஏற்றான். புகாரியில் பதிவான நிகழ்ச்சி இது. இதனை எடுத்துக்காட்டி, 'நாத்திகரின் படுக்கையருகே நாமும் சென்று அழைப்போம்' என்பார்க்கு நாம் சொல்வது இதுதான்: அங்கே அழைத்தவர் யார்? அச்சிறுவனை நாள்தோறும் அறிந்தவர். எதற்காகச் சென்றார்? நலம் காணச் சென்றார். அருகில் யார் இருந்தார்? பெற்ற தந்தை. அவரிடம் ஒப்புதல் தேடித்தானே அச்சிறுவன் கண் திரும்பியது! அச்சுறுத்தல் இல்லை, வெளியே கூட்டம் காத்திருக்கவில்லை, வென்றோம் என்று ஊரறியப் பறையறையும் ஆவல் இல்லை.

அபூதாலிபின் இறுதி வேளையோ இன்னும் உருக்கமானது. எட்டு வயதுக் குழந்தையாகத் தம்மை ஏற்று வளர்த்த பெரிய தந்தையின் படுக்கையருகே நபிகளார் அமர்ந்து ஒரு சொல்லை வேண்டினார்கள். மறுபுறம் அபூஜஹ்லும் அப்துல்லாஹ் இப்னு அபீ உமையாவும் இருந்து, தந்தை அப்துல் முத்தலிபின் மார்க்கத்தை விடுவதா என்று கேட்டுக்கொண்டேயிருந்தனர். இறந்து கொண்டிருக்கும் ஒரு முதியவரை இருபுறமும் நின்று இழுத்த காட்சியது. அபூதாலிப் தம் தந்தையின் மார்க்கத்திலேயே மாண்டார். நாம் நேசிப்பவரை நேர்வழியில் செலுத்துவது நம் கையில் இல்லை என்னும் கருத்துடைய அல்கஸஸ் அத்தியாயத்தின் 56 ஆம் வசனம் அதையொட்டியே இறங்கியது என்பர் விரிவுரையாளர். நேசத்தின் உச்சியில் நின்ற நபிக்கே அது கையில் இல்லை எனில், ஹிட்சன்ஸை ஒரு நாளும் நேரில் கண்டறியாதவர்கள் பந்தயம் வைத்துக் காத்திருந்ததற்கு என்ன பெயரிடுவது?

பந்தயத்தில் வென்றிருந்தாலும் என்ன கிடைத்திருக்கும்? மரணம் முன்வந்து நின்றபின் 'இப்போது மனந்திரும்பினேன்' என்பவரின் திரும்புதல் ஏற்கப்படாது என்பது அந்நிஸா அத்தியாயத்தின் 18 ஆம் வசனம் தரும் எச்சரிக்கை. கடல் மூடிய வேளையில் ஃபிர்அவ்ன் நம்பிக்கை கொண்டதாகக் கூறியது பயனற்றுப் போனதை யூனுஸ் அத்தியாயம் கூறும். வலியும் மருந்தின் மயக்கமும் அச்சமும் சேர்ந்து பிழிந்தெடுக்கும் சொல்லுக்கு இறைவனிடத்திலேயே மதிப்பு ஐயத்திற்குரியதாயிருக்க, மனிதரிடத்தில் அதை வெற்றிக் கோப்பையாகக் காட்டுவது எப்படிப் பொருந்தும்? விந்தை என்னவென்றால் ஹிட்சன்ஸும் ஏறத்தாழ இதையே சொன்னார். தாம் இறுதியில் சமயத்தைத் தழுவியதாகச் செய்தி வந்தால், அது நோயும் மருந்தும் அறிவைச் சிதைத்தபின் பேசிய வேறெவரோ. தாமல்லர் என்று முன்கூட்டியே அறிவித்தார். நாத்திகர்கள் அணிதிரண்டு சமயத்தார் நடத்தும் மருத்துவமனைகளுக்குச் சென்று, சாகக் கிடப்பவரிடம் 'மூடநம்பிக்கையை விடுங்கள், இன்னும் நேரமிருக்கிறது' என்று ஓதினால் எப்படியிருக்கும் என்றும் கேட்டார். அவ்வாறு நம் வீட்டு முதியவரிடம் எவரேனும் வந்து நின்றால் நாம் பொறுப்போமா?

படுக்கையில் கிடைக்காத சொல்லை இறந்தபின் படைத்துக்கொள்ளும் வழக்கமும் பழையது. டார்வின் 1882 இல் மறைந்தார். 1915 இல் பாஸ்டன் இதழொன்றில், அவர் கடைசிக் காலத்தில் விவிலியம் வாசித்துத் தம் கொள்கைக்கு வருந்தினார் என்றொரு கதை வெளிவந்தது. கடைசி வேளையில் உடனிருந்த அவருடைய மகள் 1922 இல் அதை வெளிப்படையாக மறுத்தார். கதை இன்றும் சாகவில்லை. ஸ்காத்லாந்து மெய்யியலறிஞர் டேவிட் ஹியூமுக்கு நேர்ந்தது இதன் மறுபக்கம். 1776 ஜூலையில் பாஸ்வெல் அவரைக் காணச் சென்றது, மரணத்தின் வாயிலிலும் மறுமையை நம்பாமல் இருக்க ஒருவரால் இயலுமா என்று அறியும் ஆவலால்தான். அமைதியாகச் சிரித்துப் பேசிய ஹியூமைக் கண்டு பாஸ்வெல்லே கலங்கிப்போனார். அந்த அமைதியை உள்ளபடி எழுதி வெளியிட்ட ஆடம் ஸ்மித்துக்கு வந்த வசை, பிரிட்டனின் வாணிக முறை முழுவதையும் தாக்கி அவர் எழுதிய பெருநூலுக்கு வந்ததைப்போல் பத்து மடங்கு என்று அவரே குறித்துள்ளார். ஒரு மறுப்பாளர் அஞ்சாமல் இறந்தார் என்பதைக் கேட்கவே பலரால் இயலவில்லை! நம் நம்பிக்கை அவருடைய அச்சத்தின்மீதா கட்டப்பட்டிருக்கின்றது?

ஹிட்சன்ஸும் பிறர் மரணத்தில் பண்பு காத்தவரல்லர் என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையன்று. 2007 மே திங்களில் ஜெர்ரி ஃபால்வெல் என்ற அமெரிக்கச் சமயப் பரப்புநர் இறந்த அன்றே தொலைக்காட்சியில் தோன்றி, அவர் போய்ச்சேர நரகம் ஒன்று இல்லாமற்போயிற்றே என வருந்திப் பேசினார். 'அவர் விதைத்ததை அவரே அறுக்கட்டும்' என்பார் சிலர். ஆனால் இறந்தோரை ஏசாதீர். அவர்கள் தாம் முற்படுத்திய செயல்களை அடைந்துவிட்டனர் என்னும் கருத்துப்பட நபிகளார் நமக்கு இட்ட கட்டளை, எதிரியின் நாவைப் பார்த்து நம் நாவை அளவிட்டுக்கொள்ளச் சொல்லவில்லை. அவர் நா அவருடைய பொறுப்பு.

நம்பிக்கையுடையவர் ஒருவர் அக்காலத்தில் எப்படி நடந்துகொண்டார் என்பதற்கு ஒரு சான்று போதும். ஃபிரான்சிஸ் காலின்ஸ் மனித மரபணுத் தொகுதித் திட்டத்தை நடத்திய அறிவியலாளர், ஆழ்ந்த கிறித்தவர், தம் இறைநம்பிக்கையை விளக்கி 2006 இல் நூல் எழுதியவர். ஹிட்சன்ஸோடு நம்பிக்கை குறித்து வாதிட்டவர். நோய் வந்ததும், புற்றுக்கட்டியின் மரபணுவைப் படித்தறிந்து அதற்கேற்ற மருந்தைத் தேரும் அன்றைய புத்தம்புது முறையை அவருக்குக் கிட்டச் செய்யத் துணைநின்றார். அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்களின் இயக்குநராக அப்போது அவர் வகித்த பொறுப்பின் சுமையை எண்ணினால், ஒரு நோயாளிக்காக அவர் செலவிட்ட நேரத்தின் அருமை விளங்கும். அவர் தம் நம்பிக்கையை ஒளிக்கவுமில்லை. அதை மருந்தின் விலையாகக் கேட்கவுமில்லை.

அதே ஆண்டு நவம்பர் 26 ஆம் நாள், கீமோ மருந்தால் முடியுதிர்ந்த தலையோடு ஹிட்சன்ஸ் டொராண்டோவில் மேடையேறினார். எதிரே, 2007 இல் கத்தோலிக்கத்தைத் தழுவிய முன்னாள் பிரிட்டிஷ் பிரதமர் டோனி பிளேர். உலகிற்குச் சமயம் நன்மை பயக்கும் ஆற்றலா என்பது பொருள். அரங்கினரின் வாக்கில் ஹிட்சன்ஸ் பக்கமே வென்றது. வென்றது நமக்கு உவப்பன்று. ஆனால் கருத்தைக் கருத்தால் சந்தித்த அந்த அரங்கு, தொண்டைப் புற்றைச் சான்றாகக் காட்டிய மடல்களைவிட இறைவனுக்கு அணுக்கமானது என்றே நாம் கருதுகிறோம்.

2011 டிசம்பர் 15 ஆம் நாள், ஹூஸ்டன் நகரத்துப் புற்றுநோய் மருத்துவமனையில், நுரையீரல் அழற்சியும் சேர்ந்துகொள்ள, தம் 62 ஆம் வயதில் அவர் மறைந்தார். மனந்திரும்பிய சொல் எதுவும் வரவில்லை. எனினும் 2016 இல், அவரோடு பயணம் செய்து யோவான் சுவிசேஷத்தைச் சேர்ந்து வாசித்த சமயப் பரப்புநர் ஒருவர், அவர் உள்ளூரக் கிறித்தவத்தை எண்ணிப் பார்த்துக்கொண்டிருந்தார் என்று நூலெழுதினார். நண்பர்கள் சினந்து மறுத்தனர். மறுக்க வேண்டியவரோ இல்லை.

அவர் உடல் மருத்துவ ஆய்வுக்கு அளிக்கப்பெற்றது. தோளேற்றிச் செல்ல ஒரு சந்தூக்கும் இல்லை. அது கடந்து போகையில் எழுந்து நிற்கவேண்டிய தெருவும் இல்லை. இவ்விடத்தில் காதிசிய்யாவில் நடந்த ஒன்று நினைவுக்கு வருகின்றது. நபித்தோழர்களான ஸஹ்ல் இப்னு ஹுனைஃபும் கைஸ் இப்னு ஸஅதும் (ரலி) அங்கே அமர்ந்திருந்தபோது ஒரு பிணம் எடுத்துச் செல்லப்பட்டது. இருவரும் எழுந்து நின்றனர். அருகிருந்தோர் வியந்து, இது இந்நாட்டு மாற்று மதத்தாருடையதாயிற்றே என்றனர். ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக நபிகளார் எழுந்து நின்றதையும், அது யூதருடையது எனச் சுட்டியபோது, அதுவும் ஓர் உயிரன்றோ என்னும் பொருள்பட வினவியதையும் அவ்விருவரும் எடுத்துரைத்தனர். ஜனாஸாவுக்காக எழுந்து நிற்கும் விதி பின்னர் மாற்றப்பட்டது எனச் சட்ட அறிஞருள் ஒரு சாரார் கூறுவர். நிற்பதா அமர்வதா என்பதில்தான் அவர்கள் மாறுபட்டனர். அந்த வினாவில் அல்ல.